பகலில் பெருமாள்புரம்

கம்பத்துக்குக் கம்பம் கேமரா வந்துவிட்டது.
"ஒண்ணாந்தேதியிலேர்ந்து நீரு ராத்திரி தூங்கலாம்வே"
என்றார் சங்கச் செயலாளர்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.
கையில் ஒரு மாதச் சம்பளம் கூடுதலாக,
ஒரு சீப்பு கோழிக்கூடு பழம்.

பதினோரு வருஷமாக தில்மாயா என்னிடம் கேட்டது
ஊரைச் சுற்றிக் காட்டு என்பதுதான்.
எனக்குத் தெரிந்த ஊரை எப்படிக் காட்ட?
பூட்டு. கேட்டு. கேட்டுக்குள் தூங்கும் கார்.
மூன்று மணிக்கு இருமும் மாடி அறை.
பரீட்சை மாதத்தில் மட்டும் எரியும் ஒரு ஜன்னல்.
போன மார்கழியோடு எரியாமல் போன இன்னொன்று.

அதனால் மகள் முன்னால் நடந்தாள்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பிறந்தவள்.
யாம்குமாரி என்று நான் சொன்னதை
யமுனா என்று எழுதிக்கொண்டார் டீச்சர்.
எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் திரும்புவாள்.

தெருவில் யாருக்கும் என்னைத் தெரியவில்லை.
தொப்பி இல்லை, சைக்கிள் இல்லை, வெயில் வேறு.
மாதம் முப்பது ரூபாய் தருகிற டாக்டரம்மா
"யாரு வேணும்?" என்றார்.
நாய்கள்தான் எழுந்து வந்தன,
பஸ் ஸ்டாப் வரைக்கும்.
பகலில் உனக்கு இங்கே என்ன வேலை
என்பது போல் நின்றன.

நெல்லையப்பர் கோயிலில்
ஒரே கல்லில் கொத்தாகத் தூண்கள்.
"தட்டுனா பாடும்ப்பா" என்றாள் மகள்.
தடியால் தட்டிப் பழகிய கை, சும்மா இருக்குமா?
விரலை மடக்கி ஒன்று. பக்கத்தில் இன்னொன்று.
வேறு வேறு குரல்!
தெருத்தெருவாக நான் தட்டிய இரும்புக்கெல்லாம்
ஒரே குரல்தான்.
மூன்றாவதைத் தட்டும்போது
பின்னாலிருந்து விசில்.
கோயில் வாட்ச்மேன், என் வயதுதான் இருக்கும்.
"தொடக்கூடாது, தள்ளுங்க."
தள்ளினேன்.
சுருதி சுத்தமாகத்தான் ஊதினார்.

சாயங்காலம் எதிர்வரிசையில் கூட்டம்.
நாற்பது வாட் பல்பு ஒன்று,
அதன் கீழே நெய் மினுங்கும் தட்டு.
"இருட்டுக்கடை" என்றாள் மகள்.
மகன் என் சட்டையை இழுத்தான்.
"இது ஒங்க கடையாப்பா?"
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
நான் அரைக் கிலோ வாங்கினேன்,
கடைக்காரன் போல.

திரும்பும் பஸ்ஸில் கடைசி ஸீட்.
ஈரடுக்குப் பாலத்தின் மேலே ஏறும்போது
மகன் பின்கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றான்.
நானும் திரும்பினேன்.

மலை.

சிவந்த வானத்தின் அடியில்
யாரோ நீளமாகப் படுத்திருப்பது போல,
ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை.
ராத்திரி ரயிலில் வந்து இறங்கியவன்.
மாவு மில்லுக்குப் பின்னால் ஜன்னலில்லாத அறையில்
பகலையெல்லாம் தூங்கியே தீர்த்தவன்.
பாக்லுங்கில் கதவைத் திறந்தாலே
மலை முகத்தில் இடிக்கும்.
இங்கே தட்டை நிலம் என்று
அம்மாவுக்குப் போனில் சொல்லியிருக்கிறேன்.
தட்டை நிலம் என்றே கேட்டுவிட்டு
அவளும் போய்ச் சேர்ந்தாள்.

"அது பொதிகை" என்றாள் மகள்,
பாடப் புத்தகக் குரலில்.
தில்மாயா திரும்பவே இல்லை.
"தெரியும்" என்றாள் எங்கள் பாஷையில்.
"வேலைக்குப் போகிற வீட்டு மொட்டைமாடியில்
துணி காயப்போடும்போது தினமும் பார்ப்பேன்.
மழை முடிந்த மறுநாள் இன்னும் பக்கத்தில் இருக்கும்."

"ஒரு நாள்கூடச் சொல்லவில்லையே?"

"சொல்லியிருந்தால்
பகலில் உனக்குத் தூக்கம் வந்திருக்காது."

பொட்டலத்தின் நெய் ஊறி
அவள் மடியில் வட்டமாகப் பரவியிருந்தது.
துடைக்கவில்லை.
பாலம் இறங்கியது.
கட்டடங்கள் வந்து மறைத்துக்கொண்டன.

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது.
வராமல் இருக்குமா?
வாசலில் ஒரு நாய்
ஒரே ஒரு தடவை குரைத்தது, கேட்பது போல.
மிச்ச அல்வாவில் ஒரு விள்ளலை
இலையோடு எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.
கம்பத்தின் உச்சியில்
சிவப்புப் புள்ளி முழித்திருந்தது.
விரலை மடக்கித் தட்டினேன்.

அதே குரல்தான்.